என்டர் விசையும் ஓர் எழுத்துத்தான்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் மிளகாயும் மொத்தமாக விற்கும் கடையொன்று என் மாணவி ஒருத்தியின் தகப்பனாருக்குச் சொந்தமானது. வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும், சி என்ற கணினி நிரல்மொழி வகுப்புக்கு வருகிற அவள், கடைக்காக ஒரு சிறிய நிரல் எழுதினாள். எத்தனை மூடை, என்ன தரம், வாங்குபவர் பெயர் என்ன என்று மூன்றே கேள்விகள். மூடைக் கணக்கு ஒரு முழுவெண். தரம் ஆங்கில எழுத்து ஒன்று. பெயர் ஒரு சரம், அதாவது எழுத்துகளின் தொடர். தகப்பனார் முன்னால் அதை இயக்கிக் காட்டியபோது, 12 என்று அடித்து என்டரைத் தட்டியதும் தரத்தைக் கேட்கும் கேள்வி திரையில் வந்தது. அதற்கு அவள் விரல் அசையுமுன்பே பெயரைக் கேட்கும் கேள்வியும் அதே வரியில் வந்து ஒட்டிக்கொண்டது.

“சேர், தரத்தைக் கேட்கிறது. ஆனால் நான் சொல்லும்வரை நிற்கவில்லை” என்று அடுத்த சனிக்கிழமை வந்து சொன்னாள். நிரலைப் பல தடவை வாசித்துப் பார்த்திருக்கிறாள். எழுத்துப் பிழை ஒன்றும் அகப்படவில்லை. நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பானும் எச்சரிக்கை எதுவும் தரவில்லை.

தரவும் தராது, ஏனென்றால் மொழி விதிப்படி அந்த நிரலில் குற்றமே கிடையாது. கேள்வியைத் தாண்டி நிரல் ஓடவில்லை. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. தரம் என்ற மாறிக்குள், அதாவது பதிலைச் சேமிக்கும் இடத்துக்குள், ஓர் எழுத்து முறைப்படி போய்ச் சேர்ந்திருந்தது. 12க்குப் பின் அவள் தட்டிய என்டர்தான் அந்த எழுத்து.

நம்பக் கடினமாக இருந்தால், தரத்தை எழுத்தாக அச்சிடாமல் ‘%டி’ போட்டு எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள் என்று அவளிடம் சொன்னேன். திரையில் 10 என்று வந்தது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் புதுவரிக் குறியின் எண் அது. சி படிக்கத் தொடங்கும் எவருக்கும் இந்த ஒரு சோதனையை முதல் வாரத்திலேயே செய்து காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கு ஓர் எண் உண்டு என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை தாமாகவே அவிழ்ந்துவிடும்.

உள்ளே நடந்ததை மெல்லப் பார்ப்போம். 12 என்று அடித்து என்டரைத் தட்டும்போது நிரலுக்குப் போய்ச் சேர்வது பன்னிரண்டு என்ற எண் அன்று. 49, 50, 10 என்று மூன்று எழுத்துகள் வரிசையாகப் போகின்றன: ‘1’, ‘2’, புதுவரி. உள்ளீட்டை வாசித்துத் தரும் ஸ்கேன்எஃப் என்ற சார்பிடம் (ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் பகுதி) ‘%டி’ என்று ஒரு முழுவெண்ணைக் கேட்டால், அது ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, இது இலக்கமா என்று பார்க்கிறது. ‘1’ இலக்கம், எடுத்துக்கொள்கிறது. ‘2’ இலக்கம், அதையும் சேர்த்துக்கொள்கிறது. மூன்றாவது இலக்கம் அல்ல. ஆகவே எண் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, கையில் எடுத்த அந்தப் புதுவரியைத் திரும்ப வரிசையின் தலையிலேயே வைத்துவிடுகிறது. அது எறிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்து வருகிற, ஓர் எழுத்தைக் கேட்கும் ‘%சி’ வரிசையின் தலையில் எது நின்றாலும் எடுத்துக்கொள்ளும் குணமுடையது. நின்றது புதுவரி. எடுத்துக்கொண்டது.

மாணவர்கள் மனத்தில் இருக்கும் படம் வேறு. நிரல் ஒரு கேள்வி கேட்கிறது, நாம் ஒரு பதில் சொல்கிறோம், அந்தப் பதில் அந்தக் கேள்வியோடு தீர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள். நேர்முகப் பரீட்சை போல. உண்மையில் திரையில் தோன்றும் கேள்விக்கும் விசைப்பலகையிலிருந்து வரும் எழுத்துகளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கேள்வியை அச்சிடுவது பிரின்ட்எஃப். அதன் வேலை அத்தோடு முடிந்தது. உள்ளீடு என்பது ஒற்றை வரிசை. ஒரு சார்பு விட்டுவைத்ததை அடுத்த சார்பு எடுக்கும். எந்த எழுத்து எந்தக் கேள்விக்காக அடிக்கப்பட்டது என்று வரிசையில் எங்கும் குறித்து வைக்கப்படுவதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர் எழுத்தைத்தானே கேட்டேன், என்டரைத் தட்டும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். காத்திருப்பது சி அல்ல; பணிசெயல் முறைமை. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் நாம் அடிப்பதை விசைப்பலகையும் திரையும் சேர்ந்த முனையத்துக்குப் பொறுப்பான பகுதி ஒரு வரி முழுமையாகும் வரை தன்னிடமே வைத்திருக்கிறது. அதனால்தான் பின்னழி விசையைத் தட்டி நம் பிழையைத் திருத்த முடிகிறது. என்டர் வந்ததும் வரி முழுவதும், அந்த என்டரும் சேர்ந்து, நிரலின் பக்கம் தள்ளிவிடப்படுகிறது. விசை அனுப்புவது உண்மையில் 13 என்ற எண். முனையப் பகுதி அதை 10 ஆக மாற்றிக் கொடுக்கிறது.

13க்கும் 10க்கும் இடையிலான இந்த உறவு தட்டச்சுக் காலத்து எச்சம். பழைய எழுதுவினைஞர்களுக்கு இது உடனே புரியும். தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் இடது பக்கத்து நெம்பைத் தள்ளினால், உருளை வலப்புறம் ஓடித் தொடக்க இடத்துக்கு வரும். தாளும் ஒரு வரி மேலே நகரும். ஒரே அசைவில் இரண்டு வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்காக வடிவமைத்த பொறியில் தட்டச்சு செய்தவர்களின் கைகளுக்கும் இந்த அசைவு பழகியிருக்கும். தொலைத்தட்டச்சுப் பொறிகள் வந்தபோது அந்த இரண்டு வேலைகளுக்கும் இரண்டு தனிக் குறிகள் கொடுக்கப்பட்டன: தொடக்கத்துக்குத் திரும்ப 13, தாளை நகர்த்த 10. யுனிக்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. டாஸும் அதன்வழி விண்டோஸும் இரண்டையும் கோப்பில் எழுதுகின்றன. விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் வரி வரியாக வாசித்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 13 ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். ஒரே பெயரைக் கொண்ட இரண்டு சரங்கள் சமமில்லை என்று நிரல் சொல்லும்போது முதலில் இந்த 13ஐத் தேடுங்கள்.

இனி விதிக்கு வருவோம். சி மொழியின் அடிப்படை அமைப்பில் வெற்றிடக் குறிகள் ஆறு: இடைவெளி, தத்தல், புதுவரி, செங்குத்துத் தத்தல், பக்கம் தள்ளல், தொடக்கத்துக்குத் திரும்பல். ஆஸ்கியில் இடைவெளி 32. மற்ற ஐந்தும் 9 முதல் 13 வரை வரிசையாக நிற்கின்றன. இந்த ஆறையும் ஒரே கூட்டமாகப் பார்க்கும் சார்புகள் உண்டு. ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகப் பார்ப்பவையும் உண்டு. ஸ்கேன்எஃபின் உள்ளேயே இந்தப் பிளவு இருக்கிறது. முழுவெண்ணுக்கான ‘%டி’, தசம எண்ணுக்கான ‘%எஃப்’, சொல்லுக்கான ‘%எஸ்’ போன்றவை தம் வேலையைத் தொடங்குமுன் முன்னால் நிற்கும் வெற்றிடக் குறிகள் அனைத்தையும் விழுங்கிவிடும். அதனால்தான் இரண்டு எண்களை அடுத்தடுத்துக் கேட்கும் நிரலில் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. முதல் எண் விட்டுவைத்த புதுவரியை இரண்டாம் எண் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. மாணவர்கள் முதல் மாதம் முழுவதும் எண்களைத்தான் கூட்டிக் கழிக்கிறார்கள். வரிசையில் எப்போதும் ஒரு புதுவரி மீந்து நிற்பது அவர்களுக்குத் தெரியவே வராது. ‘%சி’யும், சதுர அடைப்புக்குள் எழுத்துகளைப் பட்டியலிடும் வடிவமும் அப்படியல்ல. அவை எதையும் விழுங்காமல் வந்ததை வந்தபடி பார்க்கும்.

இது வடிவமைப்பில் நேர்ந்த தவறு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ‘%சி’ இடைவெளிகளை விழுங்கிவிடுமானால், ஒரு வாக்கியத்தில் எத்தனை இடைவெளி என்று அதைக்கொண்டு எண்ணவே முடியாது. இடைவெளியும் ஓர் எழுத்து என்று மதிக்கும் சார்பு ஒன்று எங்காவது இருந்தாக வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதை விளங்கிக்கொள்ள நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. ஓலைச் சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் இல்லை. எழுத்துகள் ஒரே தொடராக ஓடும். எங்கே சொல் முடிகிறது என்பதை வாசிப்பவர்தான் தீர்மானித்தார். ‘தாமரை’ என்ற எழுத்துத் தொடரை மலராகவும் வாசிக்கலாம், தா, மரை என்று பிரித்துத் தாவுகிற மானாகவும் வாசிக்கலாம். இலக்கணம் இத்தகைய சொற்களைப் பொதுமொழி என்று அழைக்கிறது. உள்ளீட்டு வரிசையும் அந்தச் சுவடி போன்றது. எங்கே பிரிப்பது என்பது எழுத்துகளில் எழுதியிருக்கவில்லை. வாசிக்கும் சார்பின் விதியில் இருக்கிறது. ‘%எஸ்’ஸுக்கு இடைவெளி ஓர் எல்லைக்கல். ‘%சி’க்கு அது இன்னோர் எழுத்து.

என் மாணவியின் நிரலுக்குத் திருத்தம் ஒரேயோர் எழுத்து. மேற்கோள் குறிக்குள் ‘%சி’ என்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு ‘ %சி’ என்று எழுத வேண்டும். ஸ்கேன்எஃபுக்குக் கொடுக்கும் இந்த மேற்கோள் சரத்துக்கு வடிவச் சரம் என்று பெயர்; அதற்குள் வருகிற இடைவெளிக்குத் தனிப் பொருள் உண்டு: வரிசையில் எத்தனை வெற்றிடக் குறிகள் நின்றாலும் அத்தனையையும் விழுங்கு, ஒன்றுமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெற்றிடம் அல்லாத முதல் எழுத்தைக் கண்டதும் நில். மீந்து நின்ற புதுவரி அதில் போய்விடும்; ‘%சி’ உண்மையான தர எழுத்துக்காகக் காத்திருக்கும். அச்சில் எளிதில் கண்ணில் படாத திருத்தம் என்பதால், நிழற்பிரதி எடுத்த வகுப்புக் குறிப்புகளில் இது அடிக்கடி காணாமல் போகிறது. கரும்பலகையில் எழுதும்போது அந்த இடத்தில் ஒரு சிறிய பெட்டி வரைந்து காட்டுகிறேன்.

இதே விதி தலைகீழாகவும் வேலை செய்யும். பிரின்ட்எஃப் சரங்களின் முடிவில் புதுவரிக்கான ‘\என்’ போட்டுப் பழகிய கை, ஸ்கேன்எஃபிலும் ‘%டி\என்’ என்று எழுதிவிடும். என்டரை எதிர்பார் என்பது அதன் பொருள் என்று எழுதியவர் நினைக்கிறார். ஆனால் வடிவச் சரத்தில் புதுவரியும் இடைவெளியும் ஒன்றே; வெற்றிடம் அல்லாத எழுத்து வரும்வரை விழுங்கிக்கொண்டே இரு என்பதுதான் கட்டளை. 12 அடித்து என்டரைத் தட்டினால் நிரல் அசையாது. மறுபடியும் தட்டினாலும் அசையாது. வேறு ஏதாவது ஓர் எழுத்தை அடித்து என்டரைத் தட்டினால்தான் நகரும். அந்த எழுத்தோ அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய்விடும். கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து நிரலை மூடிவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உறையவில்லை, சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறது.

காற்புள்ளி போன்ற குறிகளில் வேறு சிறு கண்ணி. ‘%டி,%டி’ என்று எழுதினால் முதல் எண்ணுக்கு அடுத்ததாகக் காற்புள்ளி ஒட்டி நிற்க வேண்டும். ‘10, 20’ என்று அடித்தால் சரி, ஏனெனில் இரண்டாவது ‘%டி’ இடைவெளியை விழுங்கிவிடும். ‘10 ,20’ என்று அடித்தால் காற்புள்ளியை எதிர்பார்த்த இடத்தில் இடைவெளி நிற்கிறது. வாசிப்பு அங்கேயே முறிந்துவிடும்.

நம் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணை வைத்தும் இதை விளக்குவேன். ஒன்பது இலக்கங்கள், கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து. ‘%டி%சி’ அதற்குப் பொருத்தமாகத் தோன்றும். இலக்கங்களுக்கும் எழுத்துக்கும் இடையில் யாராவது ஓர் இடைவெளி விட்டு அடித்தால், எழுத்து இருக்க வேண்டிய மாறியில் 32 போய் உட்காரும். 2016 முதல் வழங்கப்படும் புதிய எண்ணோ 12 இலக்கங்கள். 32 பிட் முழுவெண்ணின் உச்சமான 2147483647க்குள் அது அடங்காது. கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்னும்போது அடையாள எண்ணைச் சரமாகவே வாசித்து வைப்பதுதான் முறை.

இப்போது பெயருக்கு வருகிறேன். என்னை இதை எழுதத் தூண்டியதே பெயர்தான்.

ஈழத்துத் தமிழர் முழுப் பெயரில் தகப்பன் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் வருவது வழக்கம். கந்தையா சிவராசா என்றால் கந்தையாவின் மகன் சிவராசா. ‘%எஸ்’ முதல் வெற்றிடக் குறியைக் கண்டதும் நின்றுவிடும். ஆகவே பெயர் என்ற மாறியில் பதிவாவது கந்தையா. ஆளை விட்டுவிட்டு அவருடைய தகப்பனை நிரல் குறித்துக்கொள்கிறது! சிவராசா வரிசையிலேயே நின்று, நிரல் அடுத்துத் தொலைபேசி எண்ணையும் கேட்குமானால் அதற்குப் பதிலாக வந்து முட்டுகிறார். ஒரு சொல்லில் பெயர் முடிந்துவிடும் பயிற்சிகளை மட்டும் செய்து பார்த்துவிட்டு நிரல் சரி என்று சொல்லிவிடக் கூடாது. கொழும்பில் நம் ஆட்களின் பெயரைப் பதியப் போகும் நிரல், நம் ஆட்களின் பெயரைக் கொண்டே சோதிக்கப்பட வேண்டும்.

முழு வரியையும் வாசிக்க எஃப்கெட்ஸ் இருக்கிறதே என்று அடுத்த அடி எடுத்துவைப்பார்கள். மூடை எண்ணிக்கையை ஸ்கேன்எஃபால் வாசித்து, பெயரை எஃப்கெட்ஸால் வாசித்தால் பெயர் வெறுமையாக வரும். எஃப்கெட்ஸின் விதி, புதுவரியைக் காணும்வரை வாசி, கண்டதும் அதையும் சேர்த்துக்கொண்டு நிறுத்து என்பது. வரிசையின் தலையிலேயே பழைய புதுவரி நிற்கிறது. அதைக் கண்டதும் ஒரு வரி கிடைத்துவிட்டது என்று நிறுத்திக்கொள்கிறது. இரண்டு சார்புகளும் தத்தம் விதிப்படி நடக்கின்றன. ஒன்று புதுவரியை விட்டுவைக்கும் சார்பு, மற்றது புதுவரியையே எல்லையாகக் கொள்ளும் சார்பு. இரண்டையும் ஒரே நிரலில் கலப்பதில்தான் கோளாறு.

‘ %29[^\என்]’ என்றொரு வடிவம் உண்டு. முன்னால் உள்ள இடைவெளி மீந்த புதுவரியை விழுங்கும்; அடைப்பில் உள்ளது புதுவரி அல்லாத எழுத்துகளை 29 வரை வாசிக்கும். கந்தையா சிவராசா முழுமையாக வருவார். ஆனால் பெயர் சொல்ல விரும்பாதவர் வெறும் என்டரைத் தட்டி அடுத்த கேள்விக்குப் போக முடியாது. அந்த முன் இடைவெளி அவருடைய என்டரையும் விழுங்கிவிட்டு மீண்டும் காத்திருக்கும்.

அந்த 29 என்ற எண்ணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அளவில்லாத ‘%எஸ்’, எழுத்துகளை வைக்க ஒதுக்கிய இடமான அணியின் எல்லையைத் தாண்டியும் எழுதிக்கொண்டே போகும். இதே குணமுடைய கெட்ஸ் என்ற பழைய சார்பு எவ்வளவு நாசம் செய்யும் என்பதை உலகம் 1988 நவம்பரில் பார்த்தது. ராபர்ட் மொரிஸ் வெளியிட்ட இணையப் புழு கணினிகளுக்குள் நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவை 512 பைட் அணிக்குள் கெட்ஸைக் கொண்டு ஒரு வரியை வாசித்ததுதான். கெட்ஸை சி மொழியின் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று.

எண் கேட்ட இடத்தில் எழுத்தை அடித்தால் என்ன ஆகும்? ‘%டி’ அதைத் தொடாது. தொடாமல் வரிசையிலேயே விட்டுவிட்டு, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று 0ஐத் திருப்பித் தரும். சரியான எண் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு என்று மடக்கு எழுதியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே எழுத்து தலையில் நிற்க, திரையில் கேள்வி நிற்காமல் ஓடும். ஸ்கேன்எஃப் திருப்பித் தருவது எத்தனை மாறிகள் நிரம்பின என்ற எண்ணிக்கை. உள்ளீடு முடிந்துவிட்டால் ஈஓஎஃப் என்ற முடிவுக் குறி. அதைப் பார்க்காமல் விட்டுவிடும் பழக்கம்தான் இங்கே பாதிக் குற்றவாளி.

முழுவெண்ணை வாசிக்கும் இன்னொரு வடிவமான ‘%ஐ’ பற்றி ஒரு சிறு குறிப்பு, கொழும்பு முகவரிகளுக்காகவே. பொரளைக்குப் போகும் கடிதத்தில் கொழும்பு 08 என்று எழுதுகிறோம். ‘%டி’ அதை 8 என்று வாசிக்கும். ‘%ஐ’ முன்னால் உள்ள 0வைக் கண்டதும் இது எட்டை அடியாகக் கொண்ட எண்மக் கணக்கு என்று கொள்ளும். எண்மத்தில் 8 என்ற இலக்கம் கிடையாது. ஆகவே மாறியில் 0, வரிசையில் மீந்து நிற்பது 8. வெள்ளவத்தைக்காரர் கொழும்பு 06 என்று அடித்துப் பார்த்து நிரல் சரி என்று சொல்லிவிடுவார். கோளாறு பொரளையில்தான் வெளிப்படும்.

மீந்ததைத் துடைத்தெறிய எஃப்ஃபிளஷ் சார்பை உள்ளீட்டின் மேல் ஏவும் பழக்கம் இங்கே வகுப்புக்கு வகுப்பு கைமாறி வருகிறது. வெளியீடு தற்காலிகமாகச் சேர்ந்து நிற்கும் இடையகத்தை வெளியே தள்ளுவதற்கு உருவான சார்பு அது. உள்ளீட்டு ஓடைக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்று சி தரம் வரையறுக்கவில்லை. சில பழைய தொகுப்பான்களில் எதிர்பார்த்தபடி வேலை செய்தது. அதனால் குறிப்புகளில் தங்கிவிட்டது. வீட்டுக் கணினியில் ஓடிய நிரல் ஆய்வுகூடத்தில் ஓடாமல் போகும்போது பிள்ளைகள் தங்களையே சந்தேகிக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. துடைக்க வேண்டுமென்றால் கெட்சார் சார்பால் ஒவ்வோர் எழுத்தாக, புதுவரியோ ஈஓஎஃபோ வரும்வரை எடுத்து எறிந்தால் போதும். வாங்கும் மாறி எழுத்து வகையாக இல்லாமல் முழுவெண் வகையாக இருக்க வேண்டும்; எழுத்து வகையில் ஈஓஎஃபை நம்பகமாக அடையாளம் காண முடியாது.

ஆனால் மீதியைத் துடைத்துக்கொண்டே இருப்பதைவிட, மீதி விழாமல் வாசிப்பது மேல். நான் கற்பிக்கும் முறை இதுதான்: மனிதர் விசைப்பலகையில் அடிப்பதை எப்போதும் எஃப்கெட்ஸால் முழு வரியாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு, அந்தச் சரத்துக்குள் எண்ணைத் தேடுங்கள். எஸ்ஸ்கேன்எஃப் தேடித் தரும். கூடுதல் கண்டிப்பு வேண்டுமென்றால் ஸ்ட்ர்டோல் என்ற சார்பு. அதுவும் முன்னால் உள்ள வெற்றிடக் குறிகளை விழுங்கும். ஆனால் எண் எந்த இடத்தில் முடிந்தது என்பதையும் சொல்லும். அதற்குப் பின்னால் வெற்றிடக் குறிகள் மட்டும் இருக்கின்றனவா, அல்லது ‘12 மூடை’ என்பதுபோல் வேறு ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே பார்த்துத் தீர்மானிக்கலாம். வரி அணிக்குள் அடங்கும்வரை, ஒரு கேள்விக்கு ஒரு வரி என்று கணக்கு நேராகிவிடும். மாணவர்கள் மனத்தில் முதலில் இருந்த கேள்வி-பதில் படம் அப்போதுதான் உண்மையாகிறது.

ஸ்கேன்எஃப் பயனற்றது என்று இதற்குப் பொருள் அல்ல. நிரல் ஒன்று ஒழுங்காக எழுதி வைத்த கோப்பை, பத்தி பத்தியாக நிற்கும் எண்களை வாசிப்பதற்கு அது நல்ல கருவி. பெயரிலேயே வடிவமைக்கப்பட்ட உள்ளீடு என்ற பொருள் இருக்கிறது. மனிதர் கை தட்டும் உள்ளீட்டுக்கு அப்படியொரு நிலையான வடிவம் கிடையாது. தொடக்கப் பாடத்திலோ அதற்குத்தான் அதை முதலில் கொடுக்கிறோம்.

தமிழில் உள்ளிடும்போது இன்னோர் அடுக்கு சேர்கிறது. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்; புள்ளியும் கால், கொம்பு போன்றவையும் தனித்தனிக் குறிகள். ‘%சி’ ஒரு பைட்டைத்தான் வாசிக்கும். ‘அ’ என்று அடித்தால் அதன் மூன்றில் ஒரு பங்குதான் மாறிக்குள் போகும், மற்ற இரண்டும் வரிசையில் நிற்கும். இடைவெளிகளிலும் வகை உண்டு. ஆவணச் செயலிகள் சில இடங்களில் போடும் முறியா இடைவெளி கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும்; யூடிஎஃப்-8இல் அது இரண்டு பைட். சி மொழியின் ஆறு வெற்றிடக் குறிகளில் அது சேராது. அங்கிருந்து எண்ணை நகலெடுத்து ஒட்டினால் ‘%டி’ முதல் பைட்டிலேயே நின்றுவிடும். சிங்களத்தில் ஸ்ரீ என்று எழுதும்போது இடையில் வரும் அகலமற்ற இணைப்பியும் இடம் பிடிக்காமலே மூன்று பைட் பிடிக்கிறது. இரு மொழியிலும் பெயர் பதியும் நம் அலுவலக நிரல்களில் அதை மறந்துவிடக் கூடாது.

‘அ’வின் மூன்றாம் பைட் 133. பழைய எட்டு பிட் கட்டுப்பாட்டுக் குறிகளில் அந்த எண்ணுக்கு ‘அடுத்த வரி’ என்று பொருள். பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையின் வழிவந்த சில முறைமைகளில் யூடிஎஃப்-8 அமைப்பை இயக்கிவிட்டு, பைட் பைட்டாக இது வெற்றிடமா என்று இஸ்ஸ்பேஸ் சார்பைக் கேட்டால் 133க்கு ஆம் என்று பதில் வரும். நம் அகரவரிசையின் முதல் எழுத்தின் வாலை வரிமுறிவு என்று கணினி எடுத்துக்கொள்கிறது. இந்தச் சார்புக்குள் எதை அனுப்பினாலும் எதிர்ம எண் இல்லாத, ‘குறியற்ற’ எழுத்து வகையாக மாற்றி அனுப்ப வேண்டும் என்பதும் தமிழில் எழுதுகிறவர்களுக்குத்தான் முதலில் சுடும். எழுத்து வகை குறியுள்ளதாக இருக்கும் கணினிகளில் நம் பைட்டுகள் எல்லாம் எதிர்ம எண்களாகவே தெரியும்.

என் மாணவி கடைசியாக எழுதிய நிரலில் மூன்று கேள்விக்கும் மூன்று எஃப்கெட்ஸ். பெயருக்கு 30 பைட் அணி ஒதுக்கியிருந்தாள். ஆங்கிலத்தில் அடித்தபோது எல்லாம் ஒழுங்காக வந்தது. தகப்பனாருக்குக் காட்டுவதற்கு முன் தமிழில் கந்தையா சிவராசா என்று அடித்துப் பார்க்கச் சொன்னேன். கந்தையாவுக்கு ஏழு குறி, சிவராசாவுக்கு ஏழு குறி, நடுவில் ஓர் இடைவெளி: 43 பைட். சரத்தின் முடிவுக் குறிக்கு ஒரு பைட்டை விட்டுவிட்டு, எஃப்கெட்ஸ் 29 பைட்டோடு நிறுத்திக்கொண்டது. திரையில் ‘கந்தையா சி’ என்பதற்குப் பின் உடைந்த எழுத்தின் கேள்விக்குறிச் சதுரம் ஒன்று வந்தது. மீதி 14 பைட்டும் அதன் புதுவரியும் வரிசையில் நின்றன. அவள் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல், அணியின் அளவை 200 ஆக மாற்றினாள். பிறகு, வாங்கிய சரத்தில் புதுவரி இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் வரி முழுவதும் இன்னும் வரவில்லை என்று கண்டுபிடிக்கும் ஒரு நிபந்தனையை அதன் கீழே எழுதத் தொடங்கினாள்.